ஹெரால்டுக்கு ஸ்டீல் பிரேக் ஹோஸ்: மருமகனுக்கு ஒரு கடிதம்

திருத்தணி
ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. அக்காவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "பரவாயில்லடா" என்பதோடு முடித்துவிடுகிறாள். நீயாவது உள்ளதை எழுது.

நேற்று ராத்திரி போனில் நீ கேட்ட விஷயத்துக்குப் போனிலேயே பதில் சொன்னால் பாதி உன் காதில் விழும், பாதி மறந்துபோகும். வண்டி வேலை செய்கிறவரிடம் நீ போய்ச் சொல்லும்போது அதிலும் பாதி மாறிவிடும். அதனால்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு அவரிடமும் கொடு. அவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். தெரிந்தவருக்கும் தாளில் இருந்தால் நல்லது.

உன் ஹெரால்டு காரின் ரப்பர் பிரேக் ஹோஸ்களை எடுத்துவிட்டு ஸ்டீல் பிரெய்டட் ஹோஸ் போடலாமா என்று கேட்டாய். போடலாம். ஆனால் நீ நினைக்கிற காரணத்துக்காக வேண்டாம். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகளும் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு ஹோஸை மட்டும் மாற்றினால் அந்தக் காசு வீண்.

முதலில் உன் வண்டியைப் பற்றி. அதை ஸ்போர்ட்ஸ் கார் என்று நீ சொல்வதைக் கேட்டு உன் நண்பர்கள் சிரிக்கிறார்களாமே. சிரிக்கட்டும். 948 சி.சி. இன்ஜினை வைத்துக்கொண்டு ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லக் கொஞ்சம் தைரியம் வேண்டும்தான். ஆனால் 1962-ல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் இரண்டு சீட்டு வண்டி ஹெரால்டின் சேசியை வெட்டிக் குறுக்கிச் செய்ததுதான். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுதளத்தில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய ரேஸ்களில் ஃபியட்டோடு சேர்ந்து ஹெரால்டும் ஓடியிருக்கிறது. நம் வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியில் 1961-லிருந்து பத்து வருஷம் செய்த வண்டி அது. திருத்தணி சித்தூர் மாவட்டத்தை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1960 ஏப்ரல். அதற்கு அடுத்த வருஷம் ஹெரால்டு பிறந்தது. உன் தாத்தா இரண்டையும் ஒரே மூச்சில் பெருமையாகச் சொல்வார். தெலுங்கில்தான் சொல்வார், அது வேறு கதை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சக்கரம் வரைக்கும் பிரேக் ஆயில் போகிற வழி பெரும்பாலும் இரும்புக் குழாய். சேசியோடு கிளாம்ப் போட்டு ஆடாமல் இருக்கும். சக்கரம் மேலும் கீழும் போகும், முன்சக்கரம் திரும்பவும் செய்யும் என்பதால் கடைசித் துண்டு மட்டும் வளைகிற ஹோஸ். அம்பாசடர் போன்ற வண்டிகளில் பின்னால் ஒரே ஆக்சில் என்பதால் பின்பக்கத்துக்கு ஒரு ஹோஸ் போதும். உன் வண்டியில் பின்சக்கரம் இரண்டும் தனித்தனியாக ஆடுகிறவை. ஆகவே முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, மொத்தம் நான்கு. கடைக்காரர் மூன்று கொண்ட செட்டை நீட்டினால் வாங்காதே.

இந்த ரப்பர் ஹோஸுக்கு ஆயுள் உண்டு. வண்டி ஓடாமல் ஷெட்டில் நின்றாலும் அது கிழடாகும். நின்ற வண்டியில்தான் சீக்கிரம் கிழடாகிறது என்றுகூடச் சொல்வேன். வெளியே தோலில் வெடிப்பு வந்தால் கண்ணுக்குத் தெரியும், மாற்றிவிடலாம். உள்பக்கம் ஊதிக்கொண்டால் வெளியே ஒன்றும் தெரியாது.

இப்படித்தான் நகரிப் பக்கத்திலிருந்து ஒரு பழைய அம்பாசடர் இங்கே பழுது பார்க்க வந்தது. நெசவுக்காரர் ஒருவருடையது. பிரேக் பிடித்தால் வண்டி இடதுபக்கம் இழுக்கிறது, காலை எடுத்த பிறகும் இடது முன்சக்கரம் விடுவதில்லை, டிரம்மில் கை வைக்க முடியாத சூடு. இரண்டு இடத்தில் ஷூ மாற்றியிருந்தார்கள், வீல் சிலிண்டரும் புதிது. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, ஹோஸுக்கு முன்னால் இருக்கிற இரும்புக் குழாயின் நட்டைத் தளர்த்தினோம். சக்கரம் விடவில்லை. பிறகு சக்கரத்துப் பக்கம் பிளீடர் நிப்பிளைத் தளர்த்தினோம். சர்ரென்று ஆயில் பீய்ச்சியது, சக்கரம் சுற்றியது. இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஹோஸ் ஒன்றுதான். வெட்டிப் பார்த்தால் உள்ளே துவாரம் ஊசி நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. காலால் மிதிக்கிற அழுத்தத்தில் ஆயில் உள்ளே போய்விடும். திரும்பி வருவதற்கு ஷூ ஸ்பிரிங்கின் பலம் போதாது. ஆயிலுக்கு அது ஒருவழிப் பாதை ஆகிவிட்டது. உன் வண்டியிலும் இந்தச் சோதனையை நான்கு சக்கரத்திலும் செய்யச் சொல்.

ஆக, உன் ஹோஸ்கள் எப்படியும் போயாக வேண்டும். புதுசாக ரப்பரே போடுவதா, பிரெய்டட் போடுவதா என்பதுதான் கேள்வி.

பிரெய்டட் ஹோஸுக்குள் ரப்பரே கிடையாது. உள்ளே பி.டி.எஃப்.இ. குழாய், நம் வீட்டு தோசைத் தவாவில் பூசுகிற டெஃப்லான்தான். 1938-ல் டுபாண்ட் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் தற்செயலாகக் கிடைத்த பொருள் அது. எந்த ஆயிலும் அதை அரிக்காது, காலம் போகப்போக இறுகாது. ஆனால் அழுத்தத்தைத் தனியாகத் தாங்காது. அதற்காக மேலே ஸ்டெயின்லெஸ் கம்பியால் நெருக்கமாகப் பின்னிய உறை. நல்ல ஹோஸில் அதற்கும் மேலே பிளாஸ்டிக் தோல் ஒன்று இருக்கும். அழகுக்கு என்று நினைக்காதே. தோல் இல்லாவிட்டால் ரோட்டுத் தூசியும் மணலும் பின்னலுக்குள் போய் உட்கார்ந்து, சக்கரம் ஆடும் ஒவ்வொரு முறையும் டெஃப்லானைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். இந்தப் பக்கம் கல் குவாரி லாரிகள் ஓடுகிற ரோட்டில் எவ்வளவு தூசி என்று உனக்கே தெரியும். தோல் இல்லாத ஹோஸ் வேண்டவே வேண்டாம்.

"பிரேக் ஷார்ப்பாக இருக்கும்" என்று யாரோ சொன்னதாகச் சொன்னாய். கே.டி.எம். டியூக் வைத்திருக்கிற உன் நண்பனாகத்தான் இருக்க வேண்டும். அந்த பைக்கில் டிஸ்க் பிரேக், கம்பெனியிலேயே பிரெய்டட் ஹோஸ் போட்டு வருகிறது. அவன் சொல்வது அவன் வண்டிக்குச் சரி. உன் வண்டிக்கு எவ்வளவு சரி என்று பார்ப்போம்.

பெடலை ஒரு முப்பது கிலோ பலத்தில் மிதித்தால், பெடலின் நெம்புகோல் அதை நாலைந்து மடங்காக்கி மாஸ்டர் சிலிண்டரின் சின்ன பிஸ்டனில் கொடுக்கும். குழாய்க்குள் ஏறுகிற அழுத்தம் 800, 1,000 பி.எஸ்.ஐ. வரும். அந்த அழுத்தத்தில் ரப்பர் ஹோஸ் ஒரு துளி விரியும். விரிந்த அளவு ஆயில் சக்கரத்துக்குப் போகாமல் ஹோஸிலேயே தங்கும். காலுக்கு அது பெடல் இளகுவதுபோலத் தெரியும். ஸ்டீல் பின்னல் விரியாது, அதனால் பெடல் இறுக்கமாகத் தெரியும். நன்மை அவ்வளவுதான். வண்டி நிற்கிற தூரம் குறையாது. நிறுத்துவது ஷூவும் டிரம்மும், கடைசியில் டயரும். ஹோஸ் எதுவானாலும் அழுத்தம் அதே அழுத்தம்.

அதிலும் உன் வண்டியில் முன்னாலும் டிரம்தான். டிரம் பிரேக்கில் பெடல் கீழே போவதற்கு முதல் காரணம் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் உள்ள இடைவெளி. ஹெரால்டில் அது தானாகச் சரியாகாது, அட்ஜஸ்டரை ஸ்பேனரால் திருப்பி வைக்க வேண்டும். அடுத்த காரணம் டிரம் வட்டம் கெட்டிருப்பது. மூன்றாவது, உள்ளே காற்று. பம்ப் அடித்தால்தான் பிரேக் பிடிக்கிறது என்று நீ சொன்னாயே, அது இந்த மூன்றில் ஒன்று, அல்லது மாஸ்டர் சிலிண்டர் வாஷர் போனது. எந்த ஸ்டீல் ஹோஸாலும் அது தீராது. முதலில் டிரம்களை லேத்தில் கொடுத்து அளந்து பார்க்கச் சொல். ஏற்கெனவே கடைந்து கடைந்து மெலிந்த டிரம்மாக இருந்தால் மறுபடி கடையாமல் வேறு தேடு. வீல் சிலிண்டர்களைப் பிரித்து, உள்சுவரில் துருக்குழி இருந்தால் கிட் மட்டும் போட்டுச் சமாளிக்காமல் சிலிண்டரையே மாற்றச் சொல். துருப்பிடித்த சிலிண்டரில் புது வாஷர் நீண்ட நாள் நிற்காது. இரும்புக் குழாய்களையும் விட்டுவிடாதே. கிளாம்புக்கு அடியில்தான் துரு பிடித்திருக்கும். அங்கே கழற்றிப் பார்க்காமல் "குழாய் நல்லாத்தான் சார் இருக்கு" என்று சொல்வதை நம்பாதே.

இதில் எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அதைப் பற்றி நீ கேட்கவே இல்லை. கேட்பாய் என்று காத்திருந்தேன்.

உன் வண்டியில் பிரேக் சர்க்யூட் ஒன்றே ஒன்று. மாஸ்டர் சிலிண்டரில் ஒரு பிஸ்டன், ஒரு வழி, நான்கு சக்கரமும் அதில்தான். நான்கு ஹோஸில் எது போனாலும், எந்தக் குழாய் ஒழுகினாலும், கால் பிரேக் முழுக்கப் போய்விடும். மிச்சம் கேபிளில் ஓடுகிற ஹேண்ட் பிரேக் மட்டும், அதுவும் பின்சக்கரத்துக்கு மட்டும். இன்றைய வண்டிகளில் சர்க்யூட் இரண்டாகப் பிரிந்திருக்கும், ஒன்று போனாலும் மற்றது பாதி பிடிக்கும். டேண்டம் மாஸ்டர் சிலிண்டர் என்பது அதற்குத்தான். ஸ்பிட்ஃபயரிலேயே பிற்காலத்து வண்டிகளுக்கு அது வந்துவிட்டது. நீ ஒரே ஒரு வேலைக்குத்தான் காசு செலவு செய்வாய் என்றால், என் ஓட்டு டேண்டம் சிலிண்டருக்குத்தான். பிரெய்டட் ஹோஸ் அதற்குப் பிறகுதான்.

அதையும் இஷ்டத்துக்குச் செய்யக் கூடாது. ஏதோ ஒரு வண்டியின் டேண்டத்தைக் கழற்றி வந்து பொருத்தினால், பிஸ்டன் அளவு மாறும். பெரிய பிஸ்டன் என்றால் பெடல் கல்லாக இருக்கும், மிதித்தாலும் அழுத்தம் ஏறாது. சின்னது என்றால் பெடல் தரையில் முட்டும். டிஸ்க் வண்டிக்கும் டிரம் வண்டிக்கும் உள்ளே இருக்கிற வால்வும் வேறு. பழைய பிஸ்டனின் அளவை அளந்து, அதற்குச் சமமானதை எடுத்து, பெடல் கம்பியின் நீளத்தைச் சரிபார்த்துப் போடத் தெரிந்த கை வேண்டும். அந்த மாதிரி ஆள் கிடைக்காவிட்டால் இப்போதைக்கு ஒற்றை சர்க்யூட்டிலேயே இருக்கட்டும், பாகங்கள் எல்லாம் புதிதாக இருக்கும் பட்சத்தில். அரைகுறை டேண்டத்தை விட நல்ல ஒற்றை சிலிண்டர் மேல்.

ஒற்றை சர்க்யூட் என்பதால்தான் ஹோஸின் தரத்தில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறேன். ஹைட்ராலிக் ஹோஸ் கடைகள் சென்னையில் தெருவுக்குத் தெரு உண்டு. ஜே.சி.பி.க்கு, டிராக்டருக்கு, எந்த அளவு வேண்டுமானாலும் உன் கண்ணெதிரே கிரிம்ப் செய்து கொடுப்பார்கள். நல்ல தொழிலாளிகள்தான். ஆனால் அங்கே போய் "இந்த அளவுக்கு ஒன்று செய்து கொடுங்க" என்று பிரேக் ஹோஸ் செய்துகொள்ளாதே. அந்த வேலைக்கு வரும் ஹோஸின் உள்ரப்பர் மினரல் ஆயிலுக்கானது, பிரேக் ஆயில் பட்டால் கெட்டுவிடும். டெஃப்லான் ஹோஸே வைத்திருந்தாலும், பிரேக் வேலைக்கான சோதனை அதற்கு நடந்திருக்காது.

பிரேக் ஹோஸ் என்று விற்பதற்கு என்னென்ன சோதனை என்று தெரிந்துகொள். அமெரிக்க விதிப்படி, செய்து முடித்த ஹோஸை 4,000 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் இரண்டு நிமிடம் வைத்திருப்பார்கள், கசியக் கூடாது. அதன் பிறகு அழுத்தத்தை இன்னும் ஏற்றி வெடிக்கும் வரை பார்ப்பார்கள். அழுத்தத்தோடேயே ஒரு முனையைச் சுழல விட்டு, சாட்டை வீசுவதுபோல, 35 மணி நேரம் ஆட்டிப் பார்ப்பதும் உண்டு. நம் நாட்டில் பிரேக் ஹோஸுக்கு ஐ.எஸ். 7079 என்ற தர அளவு இருக்கிறது. நீ வாங்கும் ஹோஸில் எந்தத் தரத்துக்குச் சோதித்தது, யார் செய்தது, எப்போது செய்தது என்று அச்சிட்டு இருக்க வேண்டும். அதைக் காட்ட முடியாதவரிடம் விலை குறைவு என்பதற்காக வாங்காதே.

உன் வண்டிக்கு அந்தச் சாட்டைச் சோதனை மற்ற வண்டிகளை விட முக்கியம். காரணம் கேள். ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். லண்டன் டாக்சிக்காரன்கூடப் பொறாமைப்படுகிற திருப்பம் என்று அந்தக் காலத்தில் பேர். முன்சக்கரம் அவ்வளவு தூரம் திரும்புகிறது என்றால் முன் ஹோஸும் அவ்வளவு தூரம் மடங்கும். டெஃப்லானுக்கு ரப்பரைப் போல மடங்கிக் கொடுக்கிற குணம் கிடையாது. ஒரு இடத்தில் முறுக்கி ஒடிந்துவிட்டால் அது நிரந்தரம். ஆகவே நீளம் சரியாக இருக்க வேண்டும், முனையில் வளைவு மென்மையாக இருக்க வேண்டும்.

அடுத்தது மரை. இதில்தான் ஆபத்து மறைந்திருக்கிறது. உன் வண்டி இங்கிலாந்து அளவில் செய்தது, பிரேக் குழாய் மரை மூன்று எட்டு, அதாவது எட்டில் மூன்று பங்கு அங்குலம், யு.என்.எஃப். இன்று கடையில் கிடைக்கிற ஃபிட்டிங் பெரும்பாலும் எம்10. மூன்று எட்டு என்பது 9.5 மில்லிமீட்டர். எம்10 மரைக்குள் அது தாராளமாக நுழையும், இரண்டு சுற்றுச் சுற்றும், இறுகியதுபோலவும் தோன்றும். கையால் இழுத்தாலும் வராது. ஆயிரம் பி.எஸ்.ஐ. ஏறும்போது வரும். முதல் மூன்று சுற்று விரலால் திருப்ப முடிய வேண்டும், அதற்கு மேல் ஆட்டம் இருக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் மரை கேஜ் வைத்துப் பார்க்கச் சொல். குழாய் முனையின் ஃப்ளேரும் அப்படித்தான், அந்த நட்டுக்கு உரிய வடிவமாக இருக்க வேண்டும், கையில் இருந்த டூலால் எதையோ அடித்து வைக்கக் கூடாது.

போடுகிற நேரத்தில் நீ பக்கத்தில் இரு. ஹெரால்டில் அது ஒரு சௌகரியம். பானெட் முழுவதும் முன்பக்கமாகத் தூக்கிக்கொள்ளும், முன்டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் பார்க்கலாம். ஹோஸில் நீளவாக்கில் ஒரு கோடு இருக்கும், அது சுற்றிக்கொண்டு போனால் ஹோஸ் முறுக்கியிருக்கிறது என்று அர்த்தம், கழற்றி மறுபடி போடச் சொல். செம்பு வாஷர் எல்லாம் புதிது, பழையதைத் தேய்த்துப் போடக் கூடாது. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார். ஹோஸ் டயரையும் தொடக் கூடாது, ஸ்பிரிங்கையும் தொடக் கூடாது. ஸ்டீல் பின்னல் அரம்போல வேலை செய்யும், எதன் மேல் உரசுகிறதோ அதைத் தின்றுவிடும். பின்பக்கம் இன்னும் கவனம். வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்க விட்டால் ஹெரால்டின் பின்சக்கரம் நிறையவே கீழே போகும், உள்ளே சாயவும் செய்யும். அப்போது ஹோஸ் இழுபடக் கூடாது. இறக்கி நான்கு பேர் பின்சீட்டில் உட்கார்ந்தால் அது வளைந்து எதிலும் இடிக்கக் கூடாது. இரண்டு நிலையிலும் பார்க்காமல் சக்கரத்தை மாட்ட விடாதே.

பிரெய்டட் ஹோஸில் ஒரு குறையும் உண்டு, அதை விற்கிறவர்கள் சொல்வதில்லை. ரப்பர் ஹோஸ் கிழடானால் வெடிப்புக் காட்டி எச்சரிக்கும், எப்போதும் இல்லாவிட்டாலும் பல சமயம். ஸ்டீல் உறைக்குள் நடப்பது வெளியே தெரியாது. கிரிம்ப் ஓரத்தில் ஒரு கம்பி அறுந்து முள்ளாக நீட்டினால் அதுதான் அறிகுறி, உடனே மாற்ற வேண்டும். ஆயுள் முழுக்க இருக்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதே. வருஷத்துக்கு ஒருமுறை விரலால் தடவிப் பார்.

ஆயில் பற்றி. நம் ஆட்கள் கடையில் "கிர்லிங் ஆயில்" என்று கேட்டே பழகியிருக்கிறார்கள். பாடியில் 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, கிர்லிங்கோடு கொண்ட உறவால் வந்த பெயர் அது. நீ ஆவடி வழியாக இங்கே வரும்போது அந்தப் பாடியைத் தாண்டித்தான் வருகிறாய். அவர்கள் வார்ப்பு ஆலை நம் சோளிங்கரில் இருக்கிறது. அதனால் இந்தச் சுற்று வட்டாரத்தில் பிரேக் பற்றி ஆளுக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கும், கேட்டுப் பார்.

உன் வண்டிக்கு டாட் 4 போடு. புது ஆயில் 230 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் இது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிற ஆயில். தண்ணீர் நாலு சதவீதத்தை நெருங்கும்போது கொதிநிலை 155-க்கு இறங்கிவிடும். அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுதாக வடித்து மாற்று. திறந்து வைத்த பாட்டிலில் மீந்ததை அடுத்த வருஷம் ஊற்றாதே. சிலிகான் ஆயில் என்று டாட் 5 விற்கிறார்கள், அதை இதோடு கலக்கவே கூடாது. பெட்ரோல் வைத்தும் மண்ணெண்ணெய் வைத்தும் சிலிண்டர் வாஷரைக் கழுவுவது நம் ஊர் வழக்கம். ரப்பர் ஊதிப் போய்விடும். கழுவ பிரேக் ஆயிலோ ஸ்பிரிட்டோ போதும். பெயின்டில் ஒரு துளி சிந்தினாலும் உடனே தண்ணீர் ஊற்றிவிடு, இல்லாவிட்டால் உன் அப்பா ஆசையாக அடித்த அந்தச் சந்தன நிறம் உரிந்துவிடும்.

சரி, டிசம்பர் 31 படித் திருவிழாவுக்கு வண்டியிலேயே வருகிறேன் என்றாய். வா. அன்றைக்கு 365 படியிலும் ஒவ்வொரு படிக்கும் பூஜை, திருப்புகழ் பாடிக்கொண்டு கூட்டம் ஏறும். அந்தக் கூட்டத்தில் மலைப்பாதையில் வண்டியை ஏற்ற நினைக்காதே, அன்று அனுமதியும் கிடைக்காது. வண்டி நம் வீட்டு வாசலில் நிற்கட்டும், நாம் படியில் ஏறுவோம். இரண்டு நாள் கழித்து, கூட்டம் வடிந்த காலையில், மேலே கொண்டுபோய் எலுமிச்சம்பழம் வைத்து பூஜை போட்டுக்கொள்ளலாம்.

ஏறுவதில் ஒன்றும் இல்லை. இறங்குவதுதான் விஷயம். உன் வண்டி சுமார் 800 கிலோ, நீயும் நானும் உட்கார்ந்தால் 950. நூறு மீட்டர் உயரம் இறங்கினால் அந்த எடை விடுகிற சக்தி மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். இன்ஜின் அதில் பங்கு எடுத்துக்கொள்ளாவிட்டால் அத்தனையும் நான்கு சின்ன டிரம்மில்தான் சூடாக இறங்கும். டிரம் சூடானால் விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் கீழே போகும், லைனிங் பிடி விடும். ஆயில் பழையதாக இருந்தால் அது கொதித்து ஆவியாகும், ஆவி அமுங்கிக் கொடுக்கும், பெடல் தரையைத் தொடும். இதில் எதையும் ஸ்டீல் ஹோஸ் தடுக்காது. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்களை இந்த மலையில் தினமும் பார்க்கிறேன். நீ உச்சியிலேயே இரண்டாவது கியர் போட்டுவிட்டு இறங்கு. பிரேக்கை ஓயாமல் தேய்த்துக்கொண்டே வராதே. தேவைப்படும் இடத்தில் அழுத்திப் பிடித்து, வேகம் குறைந்ததும் முழுதாக விட்டுவிடு, டிரம்முக்கு ஆற நேரம் கிடைக்கும்.

அப்படியே திருப்பதிக்கும் ஒரு எட்டு போய்வரலாம் என்று நீ சொன்னதற்கு என் பதில், வண்டி இங்கே நிற்கட்டும், பஸ்ஸில் போவோம் என்பதுதான். திருமலை இறங்கு பாதை 1944-ல் போட்டது, திருப்பத்துக்குத் திருப்பம் நெருக்கம். அங்கே வேகமாக இறங்கிவிடக் கூடாது என்று நேரம் பார்த்தே விடுகிறார்கள். ஒற்றை சர்க்யூட் வண்டிக்கு அது இடமில்லை. வருத்தப்படாதே.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. உன் வண்டிக்கு ஐம்பது வயசு தாண்டிவிட்டதால் 2021-ல் வந்த விண்டேஜ் வண்டி விதியில் பதிவு செய்யலாம். சேசி, பாடி, இன்ஜின் இவற்றில் மாற்றம் இருக்கக் கூடாது என்பதுதான் அந்த விதியின் கவலை. ஆனால் அப்படிப் பதிவு செய்தால் கண்காட்சி, ராலி போன்ற காரியங்கள் தவிர மற்றபடி ரோட்டில் ஓட்ட முடியாது, இங்கே வருவதும் சிக்கலாகிவிடும். சாதாரணப் பதிவிலேயே வைத்திரு என்பது என் யோசனை. ஹோஸ், சிலிண்டர் வாங்கிய பில் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வை. இன்சூரன்ஸ்காரருக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிடு.

ஆக வரிசை இது. டிரம், ஷூ, வீல் சிலிண்டர், இரும்புக் குழாய் முதலில். நல்ல ஆள் கிடைத்தால் டேண்டம். பிறகு ஹோஸ், தரம் அச்சிட்ட பிரெய்டட் கிடைத்தால் அது, கிடைக்காவிட்டால் புதுத் தேதி போட்ட நல்ல ரப்பர், அதில் ஒரு குறையும் இல்லை. எல்லாம் முடிந்து, பெடலை முழுப் பலத்தோடு ஒரு நிமிஷம் மிதித்துப் பிடித்திருந்து, நான்கு முனையிலும் கசிவு இல்லை என்று உன் கண்ணால் பார்த்த பிறகு வண்டியை எடு. முதல் நாள் உன் தெருவிலேயே ஓட்டு.

அக்காவையும் கூட்டிக்கொண்டு வா. அவளுக்குப் படி வேண்டாம், கூட்டம் வடிந்த பிறகு ஆட்டோவில் மேலே அனுப்பிவிடலாம்.

ஹோஸுக்குப் பணம் கொடுக்கும் முன்னால் அதன் மேல் அச்சிட்டிருப்பதையும் இரண்டு முனை மரையையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. நான் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை வாங்காதே.

இப்படிக்கு
உன் மாமா